ஒரே அறையில் மூன்று வகுப்புகள்: ஒரு புதன்கிழமையின் கற்றல் செயல்பாடுகள்

கரிசல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கரிசல் காட்டுச் சிற்றூர் ஒன்றின் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் பதினோராவது ஆண்டாகப் பணியாற்றுகிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். முதல் மூன்று வகுப்புகளும் என் அறையில் அமர்கின்றன. முதல் வகுப்பில் 5 பேர், இரண்டாம் வகுப்பில் 8 பேர், மூன்றாம் வகுப்பில் 6 பேர், ஆக 19 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தாம் என்பதால், சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் இதுவே நடைமுறை.

சென்ற வாரம் பள்ளிக்கு வந்திருந்த ஒருவர் அரை மணி நேரம் வகுப்பறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பிள்ளைகள் ஓரிடத்தில் உட்காரவே இல்லையே, இவர்கள் எப்போதுதான் படிப்பார்கள்?" என்று கேட்டார். குறை சொல்லும் நோக்கம் அவருக்கு இல்லை. உண்மையான ஐயத்தோடுதான் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்தப் புதன்கிழமை என் வகுப்பில் நடந்தவற்றை நடந்தபடியே இங்கே எழுதுகிறேன். தவறு எங்கே என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

காலை உணவுத் திட்டத்தில் அன்று பொங்கலும் சாம்பாரும். 8.50க்குள் பிள்ளைகள் கை கழுவிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். சுவரில் மாட்டியிருக்கும் வருகைப் பதிவில் அவரவர் பெயருக்கு நேராக அவரவரே குறியிட்டுக்கொண்டார்கள். காலநிலை அட்டவணையில் முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி அம்புக்குறியை 'மேகமூட்டம்' பக்கம் திருப்பினாள். அவளைவிடப் பெரிய பிள்ளைகள் இருவர் வெளியே ஓடி வானத்தைப் பார்த்து வந்து, "வெயில்தான் அடிக்குது" என்று திருத்தினார்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இதை நான் வீண் நேரமாகக் கருதுவதில்லை.

9.10க்கு வழிபாடு. 9.30க்குப் பாடல். அதன்பின் தமிழ். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் வகுப்பைப் பொறுத்தன்றி, கற்ற நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிகிறார்கள் என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். பெற்றோர்களும் இந்த இணைய உரையாடல் இழையைப் படிப்பதால் சொல்கிறேன். அன்று அரும்பு நிலையினர் மணல் தட்டில் 'ட', 'ப', 'ம' எழுதி, அந்த எழுத்துகள் உள்ள சொல்லட்டைகளைக் குவியலில் தேடினார்கள். மலர் நிலையினர் நால்வர் விரல் பொம்மைகளை வைத்துக்கொண்டு முயலும் ஆமையும் கதைக்குத் தாமாக உரையாடல் எழுதினார்கள். மொட்டு நிலையினர் படித்தல் களத்தில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் விரலால் வரியைத் தொடர்ந்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு கணக்கு. பல்லாங்குழிப் பலகைகள் இரண்டு உள்ளன. எங்கள் ஊர் வழக்கப்படி குழிக்கு 5 புளியங்கொட்டை. பலகைக்கு 14 குழி என்பதால் ஒரு பலகைக்கு மொத்தம் எத்தனை கொட்டை எடுத்து வைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டு 70 என்று எண்ணி எடுத்தார்கள். மூன்றாம் வகுப்பினர் கடன் வாங்கிக் கழித்தலுக்கு ஈர்க்குச்சிக் கட்டுகளைப் பயன்படுத்தினார்கள். உணவுக்குப் பின் கதை நேரம். பிறகு சூழ்நிலையியலுக்காகப் பள்ளி வளாகத்தில் இலை சேகரித்தல், அந்த இலைகளைத் தாளுக்கு அடியில் வைத்து மெழுகு வண்ணக்கோலால் தேய்த்து நரம்புகளைப் படியெடுத்தல். கடைசி அரை மணி விளையாட்டு.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு நாளுக்குள் எட்டு வகைச் செயல்பாடுகள் அதிகம் என்று தோன்றலாம். ஆனால் நான் சொல்ல விரும்பும் செய்தி இந்தப் பட்டியலில் இல்லை. 11.15 முதல் 11.40 வரை பல்லாங்குழியும் ஈர்க்குச்சியும் பதினெட்டுப் பிள்ளைகளைத் தாமாக நடத்திச் சென்றதால், நான் ஒரே ஒரு பிள்ளையின் அருகில் பாயில் உட்கார முடிந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுவன் அவன். 'கோழி' என்பதைக் 'கேழி' என்று வாசிக்கிறான். 'கொக்கு' அவனுக்குக் 'கெக்கு'. எழுத்துக்கு முன்னால் உள்ள கொம்பைப் பார்க்கிறான், பின்னால் உள்ள துணைக்கால் அவன் கண்ணில் படுவதே இல்லை. பழைய திருமண அழைப்பிதழ் அட்டையில் மூன்று சன்னல்கள் வெட்டி, முதல் சன்னலில் கொம்பும் நடுவில் மெய்யெழுத்தின் அகர வடிவும் மூன்றாவதில் காலும் நகர்ந்து வரும்படி தாள் பட்டைகளைச் செருகி அவனிடம் கொடுத்தேன். மூன்றாவது பட்டையை அவனே இழுத்தான். கால் இல்லாதபோது 'கே', கால் வந்ததும் 'கோ'. பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது இல்லைன்னா வேற எழுத்தாயிடுதே" என்றான். ஜூன் மாதத்திலிருந்து நான் கரும்பலகையில் எழுதிச் சொல்லிவந்த ஒன்றை அவன் அன்றுதான் கண்டான்.

பிள்ளைகள் ஓரிடத்தில் உட்காராமல் இருப்பதால்தான் நான் ஓரிடத்தில் உட்கார முடிகிறது என்பதே அந்த நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நகரப் பள்ளி மூன்றாம் பிரிவு

வணக்கம் டீச்சர். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மூன்று சன்னல் அட்டையை நாளையே செய்யப்போகிறேன்.

ஆனால் என் நிலைமை வேறு. எனக்கு ஒரே வகுப்புதான், இரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் 38 பேர். அறையோ நீளமாகவும் குறுகலாகவும் இருக்கிறது. செயல்பாட்டிலிருந்து செயல்பாட்டுக்கு மாறும்போதெல்லாம் பத்து நிமிடம் போய்விடுகிறது. அட்டைகளை எடுத்து வை, பாயை விரி, தண்ணீர் குடிக்கப் போனவன் வரவில்லை, பென்சில் காணவில்லை என்று ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு சந்தைபோல் ஆகிவிடுகிறது. நாளுக்கு ஐந்து மாற்றம் என்றாலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் கரைகிறது. பக்கத்து அறைகளிலும் பாடம் நடப்பதால் சத்தமும் எனக்குப் பெரிய கவலை. இந்த மாற்றங்களை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை விளக்கமாக எழுத முடியுமா? செயல்பாடுகளைப் பற்றிப் பயிற்சிகளில் நிறையச் சொல்கிறார்கள்; இரண்டு செயல்பாடுகளுக்கு நடுவில் உள்ள அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எவரும் சொல்வதில்லை.

இரண்டாம் வகுப்புத் தந்தை

நான் ஆசிரியர் இல்லை, கட்டட வேலை செய்பவன். என் மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். டீச்சர் எழுதியதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. இருந்தாலும் மனத்தில் உள்ளதைக் கேட்டுவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிர்வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் அதே வகுப்பு. அவன் நோட்டுகள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிறைந்திருக்கின்றன. என் மகளின் நோட்டில் பாதிப் பக்கங்கள் காலி. "இன்று என்னம்மா படித்தாய்?" என்று கேட்டால், "விளையாடினோம், இலை பொறுக்கினோம், பாட்டுப் பாடினோம்" என்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் படிக்கிறாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நோட்டைப் புரட்டிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

கரிசல் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. முதலில் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். அதுதான் இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி.

ஐயா, உங்கள் கவலையில் தவறு ஏதும் இல்லை. பள்ளிக்குள் நடப்பது பெற்றோருக்குத் தெரியும்படி செய்ய வேண்டியது எங்கள் பொறுப்பு, அதில் நாங்கள் குறை வைக்கிறோம். நோட்டைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒன்று செய்து பாருங்கள். கடையில் பொருள் கட்டித் தரும் செய்தித்தாள் துண்டை மகளிடம் கொடுத்து, பெரிய எழுத்தில் உள்ள தலைப்பை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அது அவள் பாடப்புத்தகத்தில் இல்லாத வரி என்பதால் மனப்பாடமாகச் சொல்ல முடியாது. தடுமாறினாலும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டால் அவள் படிக்கிறாள் என்று பொருள். கணக்குக்கு, கையில் 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு வரவேண்டும் என்று கடைக்குப் போகும் வழியில் கேளுங்கள். விடை தவறாக வந்தால், எப்படிக் கணக்கிட்டாய் என்று பொறுமையாகக் கேட்டு, அதை அப்படியே அவளுடைய டீச்சரிடம் சொல்லுங்கள். எந்த மதிப்பெண்ணையும்விட அந்தச் செய்தி எங்களுக்குப் பயன்படும்.

எதிர்வீட்டுப் பையனின் நோட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். அவனும் நன்றாகப் படிக்கட்டும். எழுதுவது தேவைதான். என் வகுப்பில் தினமும் கடைசிப் பாடவேளைக்கு முன் ஐந்து சொற்கள் சொல்வதெழுதுதல் உண்டு. அதற்கு மேல் பக்கம் நிரப்பச் சொல்வதில்லை, அவ்வளவே.

இனி மாற்றங்கள். இதில் நான் பட்ட பாடு கொஞ்சமன்று. முதல் மூன்று ஆண்டுகள் நானும் பத்து நிமிடம் இழந்துகொண்டுதான் இருந்தேன். பிறகு பொருள்கள் இருக்குமிடத்தை மாற்றினேன். முன்பு எல்லாம் அலமாரியில், என் மேசைக்குப் பின்னால் இருந்தன. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்தாக வேண்டும். இப்போது பழைய பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளில், எந்தச் செயல்பாட்டுக்கு எதுவோ அதை மட்டும் போட்டு, சுவரோரம் அவர்கள் கை எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறேன். கூடைக்கு ஒரு பொறுப்பாளர், வாரம் ஒரு முறை மாறுவார். மாறும் நேரத்தில் நான் பேசுவதே இல்லை, ஒரு பாடலைத் தொடங்குவேன். பாடல் முடிவதற்குள் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. பாடல் இரண்டு நிமிடம். 38 பேருக்கு இது அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்தாமல், பாதிப் பேர் அமர்ந்த இடத்திலேயே எழுத, மறுபாதியை மட்டும் நகர்த்திப் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு சொல். பல்லாங்குழி ஆடும் சத்தமும் சண்டைச் சத்தமும் வேறு வேறு. பக்கத்து அறை ஆசிரியருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும் என்பதால், சத்தம் வரும் செயல்பாடுகளை நாங்கள் இருவரும் பேசி ஒரே நேரத்தில் வைத்துக்கொள்கிறோம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அன்புடையீர், 34 ஆண்டுகள் தொடக்கப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலை நான் வகுப்பறையில் நின்று பார்த்தவன். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்வி மையம் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையே அதற்கு மூலம். பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு அட்டைகளாயின. ஒவ்வொரு பிள்ளையும் கற்றல் ஏணியில் தன் வேகத்தில் ஏறியது. ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர், பகுதி உதவி போதுமானோர், சக மாணவர் உதவியோடு கற்போர், தானே கற்போர், மதிப்பீட்டில் இருப்போர் என்று குழுக்கள் அமைந்தன. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்ததும், தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் அவர்களின் படைப்புகள் தொங்கியதும் அப்போதுதான். ஆசிரியரின் நாற்காலி ஓரத்துக்குப் போய், ஆசிரியர் பாயில் அமர்ந்தார். என் பணிக்காலத்தில் கண்ட பெரிய மாற்றம் இதுவே என்று உறுதியாகச் சொல்வேன்.

அதில் நேர்ந்த பிழையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் காலப்போக்கில் அட்டை எசமானாகிவிட்டது. அட்டையில் உள்ளதைச் செய்தானா, அடுத்த அட்டைக்குப் போனானா என்பதே பேச்சாயிற்று. எட்டாவது அட்டை தொலைந்துபோனால் பிள்ளை ஏழாவதிலேயே நின்றான். கெட்டிக்காரப் பிள்ளைகள் இருவர் வகுப்பு முழுவதற்கும் ஆசிரியர்களாகி, தங்கள் படிப்பை விட்டுவிட்டுப் பிறருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆசிரியரோ பதிவேட்டில் குறியிட்டுக்கொண்டே இருந்தார். விடுவிக்கப்பட்ட நேரம் பிள்ளைக்குப் போகாமல் பதிவேட்டுக்குப் போனது. கரிசல் ஆசிரியை சொல்லும் அந்த 25 நிமிடத்தைப் படித்தபோது, நாங்கள் தொலைத்தது அதைத்தான் என்று எனக்குப் புரிந்தது.

சக மாணவர் கற்பித்தலை ஏதோ புதிதாக வெளியிலிருந்து வந்த ஒன்றாகச் சிலர் பேசுவதால் இதையும் குறிப்பிடுகிறேன். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுக்க, சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் அங்கேயே வளர்த்தெடுத்தார். 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூல் எழுதினார். அந்த நாட்டில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பல பள்ளிகளில் பரவியது. ஆகவே உங்கள் அரும்பு நிலைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுதுவது நெடிய மரபின் தொடர்ச்சி.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளைக் கண்காணித்துக்கொள்ளுங்கள். அதே பிள்ளை தினமும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வாய்ப்பாடு

பெரியவரின் பதிவுக்கு வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு எடுப்பவன். கீழ் வகுப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளைப் பெற்றுக்கொள்கிறவன் என்பதால் மாறுபட்ட கருத்தை முன்வைக்கிறேன்.

செயல்பாடுகள் பொருளைப் புரியவைக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. புரிந்த ஒன்று நிலைக்க வேண்டுமானால் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலருக்குப் பெருக்கல் என்றால் என்ன என்று தெரிகிறது, குழுவாக அடுக்கிக் காட்டுகிறார்கள். 7 × 8 கேட்டால் விரலை எண்ணத் தொடங்குகிறார்கள். மூன்றிலக்கப் பெருக்கலும் வகுத்தலும் செய்யும்போது ஒவ்வோர் அடியிலும் விரல் எண்ணினால் கணக்கின் நடுவில் வழி தவறிவிடுகிறது. காலையில் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து ராகத்தோடு வாய்ப்பாடு சொல்லும் வழக்கத்தைப் பல பள்ளிகள் கைவிட்டது பெரிய இழப்பு. மனப்பாடம் என்ற சொல்லையே பழிச்சொல்லாக்கிவிட்டோம். எண்சுவடி என்னும் பழைய வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்தவர்கள்தாம் கீழ்வாயிலக்கம் எனப்படும் பின்ன எண்களில் கணக்குகளைத் துணிந்து போட்டார்கள்.

டீச்சர், உங்கள் புதன்கிழமையில் எட்டுச் செயல்பாடுகள் இருந்தன. செவ்வாயன்று செய்ததை மீண்டும் செய்த நேரம் எவ்வளவு?

புது நியமனம்

எல்லோருக்கும் வணக்கம். பணியில் சேர்ந்து இது இரண்டாவது ஆண்டு. வாய்ப்பாடு ஐயாவின் கேள்விக்கு என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எண் சொல்வதெழுதுதல் வைத்தேன். "தொண்ணூற்று மூன்று" என்று சொன்னேன். பதினான்கு பேரில் ஆறு பேர் 103 என்று எழுதினார்கள். கவனக்குறைவு என்று எண்ணி மறுநாளும் சொன்னேன். அதே ஆறு பேர், அதே 103. அவர்கள் அருகில் போய் உட்கார்ந்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோதுதான் புரிந்தது. அவர்கள் காதில் விழுவது 'நூற்று மூன்று' என்ற பகுதிதான். எண்பது, எழுபது எல்லாம் 'பது' என்று முடிய, தொண்ணூறு மட்டும் 'நூறு' என்பதுபோல் ஒலிக்கிறதே! பிள்ளைகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். நம் மொழியில் எண்ணுப்பெயர் அப்படி அமைந்திருக்கிறது. இன்னும் நூறு முறை எழுதச் சொல்லியிருந்தால் நூறு முறையும் 103 என்றே எழுதியிருப்பார்கள். பிறகு பத்துக் குச்சிக் கட்டுகளைப் பத்து, இருபது என்று வாய்விட்டு எண்ணியபடி அடுக்கி, ஒன்பதாவது கட்டில் நிறுத்தி, "இதன் பெயர் தொண்ணூறு, நூறுக்கு இன்னும் ஒரு கட்டு வேண்டும்" என்று காட்டினேன். அதன் பின்னர் மூன்று நாள் சொல்வதெழுதுதல். இப்போது ஒருவர் மட்டும் தடுமாறுகிறார்.

ஆகவே திரும்பச் செய்வது தேவை என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன். எதைத் திரும்பச் செய்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ள அருகில் உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிறு குறிப்பு. புள்ளிக் கோலத்தை நான் கணக்குக்குப் பயன்படுத்துகிறேன். இடைப்புள்ளியாக 3, 4, 5, 4, 3 என்று வைத்தால் மொத்தம் 19 புள்ளி. பிள்ளைகள் ஒவ்வொரு புள்ளியாக எண்ணாமல், மூன்றும் மூன்றும் ஆறு, நான்கும் நான்கும் எட்டு, நடுவில் ஐந்து என்று சேர்த்துக் கூட்டுகிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு சிறுமி வீட்டில் அம்மா செய்வதைப் பார்த்து வந்து செய்தாள்.

பதிவுச் சுமை பற்றிப் பெரியவர் எழுதியதை நானும் உணர்கிறேன். வளரறி மதிப்பீட்டை, அதாவது பாடத்தின் நடுவே அவ்வப்போது செய்யும் மதிப்பீட்டை, கைபேசிச் செயலியில் ஏற்றும் நாளில், என் கண் திரையில் இருக்கிறது. பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது விடையைத் தாளில் குறித்துக்கொண்டு மாலையில்தான் ஏற்றுகிறேன்.

கரிசல் ஆசிரியை

வாய்ப்பாடு ஐயாவின் கேள்வி என்னைச் சுட்டது, சுட வேண்டிய இடத்தில். என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைச் செயல்பாடுகளில் புதனன்று மீண்டும் வந்தவை இரண்டே: வாசிப்பும் சொல்வதெழுதுதலும். கணக்கில் எதுவும் இல்லை. செவ்வாயன்று கடிகாரம், புதனன்று பல்லாங்குழி, வியாழனன்று அளவை. ஒவ்வொன்றும் நல்ல செயல்பாடுதான். ஆனால் பிள்ளைகள் ஒன்றில் கால் ஊன்றுமுன் அடுத்ததற்கு இழுத்துப்போயிருக்கிறேன்.

அதன் விளைவையும் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் வகுப்பினருக்கு 42 − 17 கொடுத்தேன். அறுவரில் நால்வர் 35 என்று எழுதியிருந்தார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டார்கள். இவர்கள்தாம் புதனன்று ஈர்க்குச்சிக் கட்டை அவிழ்த்துச் சரியாகக் கழித்தவர்கள். கையில் குச்சி இருந்தபோது தெரிந்தது, பென்சில் பிடித்தபோது மறந்தது. மறுநாள் குச்சியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரப்பர் வளையத்தைக் கழற்றி ஒரு கட்டை அவிழ்க்கும் அதே கணத்தில் நோட்டில் 4ஐ அடித்து 3 என்று எழுதச் சொன்னேன். உதிரிக் குச்சிகள் 12 ஆகும்போது மேலே 12 என்று எழுதினார்கள். ஏழை எடுத்ததும் 5, ஒரு கட்டை எடுத்ததும் 2. விடை 25. அதே வகைக் கணக்கை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு ஐந்தாகச் செய்தோம். ஐந்தாம் நாள் ஒரு சிறுவன் குச்சியை எடுக்கவே இல்லை. "மனசுல அவுத்துட்டேன் டீச்சர்" என்றான்.

ஆகவே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். நாளுக்கு எட்டு வகை இருந்ததை ஆறாகக் குறைத்து, கணக்குச் செயல்பாடு ஒவ்வொன்றையும் குறைந்தது நான்கு நாள் நீட்டுகிறேன். காலை வழிபாட்டுக்குப் பின் வாய்ப்பாடும் சொல்கிறோம். இந்த வாரம் ஐந்தாம் வாய்ப்பாடு. பல்லாங்குழிப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, குழிக்குக் குழி கையை நகர்த்தியபடி சொல்கிறார்கள். ராகம் அவர்களே போட்டது.

இலைச் செயல்பாட்டை எப்படி நடத்தினேன் என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். எருக்கிலையை எவரும் பறிக்கக் கூடாது, பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆலிலை, அரசிலை, வேம்பு, புல், வாழை ஆகியவற்றின் துண்டுகளை எடுத்து வந்தோம். வேம்பில் பிள்ளைகள் கொண்டுவந்தது சிற்றிலையை; காம்போடு முழுவதையும் பறித்துக் காட்டி, இத்தனையும் சேர்ந்துதான் ஓர் இலை என்றபோது அவர்கள் நம்பவில்லை. அரசிலையில் நரம்புகள் வலைபோல் பின்னியிருப்பதும் புல்லில் இணையாக ஓடுவதும் வண்ணக்கோல் தேய்த்த தாளில் தெளிவாக விழுந்தன. ஒரு தாளில் வேப்பிலையின் ரம்பப்பல் விளிம்புகூடப் படிந்திருந்தது. கம்பிப் பந்தலில் அவை இன்னும் தொங்குகின்றன.

பெரியவர் சொன்னபடி சொல்லிக்கொடுப்போரின் பெயர்களைக் குறித்துவைத்தேன். பத்து நாளில் ஒரே சிறுமி ஏழு முறை. அவளுக்கு இப்போது படித்தல் களத்தில் தனியாக ஒரு கதைப்புத்தகம். அந்த நேரத்தில் அவளை யாரும் உதவிக்கு அழைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் வகுப்புத் தந்தை

டீச்சர் சொன்னபடி மகளிடம் செய்தித்தாள் துண்டைக் கொடுத்தேன். 'பருத்தி விலை உயர்வு' என்று இருந்தது. 'பருத்தி' என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள், 'விலை' சொன்னாள், 'உயர்வு' மட்டும் 'உயரவு' என்று வந்தது. 50 ரூபாய்க் கணக்கில் 22 என்றாள். எப்படி என்று கேட்டேன். 50இல் 30 போனால் 20, அப்புறம் அந்த 2ஐக் கூட்டினேன் என்றாள். இதை அவளுடைய டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மகளை அன்று கூடுதலாகக் கால் மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாராம்.

கரிசல் ஆசிரியை

மிக்க மகிழ்ச்சி ஐயா. 30 வரை சரியாகப் போயிருக்கிறாள்; அந்த 2ஐக் கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் சறுக்கியிருக்கிறாள். அதுவும் அவள் தானாக யோசித்த வழி. 'உயர்வு' என்பதில் புள்ளி கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

என் மாணவனைப் பற்றி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். கோழி, கொக்கு, சோளம், தோடு எல்லாம் இப்போது தடையின்றி வருகின்றன. அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டில் தங்கைக்கு இழுத்துக் காட்டுகிறானாம். நேற்றுப் புதிதாக ஒரு சிக்கல். படித்தல் களத்தில் பறவைகள் அட்டையை எடுத்து, 'கௌதாரி' என்பதைக் 'கெளதாரி' என்று கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாகக் கூட்டி வாசித்தான். எங்கள் காட்டில் தினமும் பார்க்கும் பறவை; பெயரை வாயால் சொன்னதும் "அதுவா!" என்று அவனே வியந்தான். மூன்றாவது சன்னலில் காலுக்குப் பதிலாக ஔகாரக் குறியைச் செருகிக் கொடுத்தால், அது அவனுக்கு மறுபடியும் ளகரமாகத்தான் தெரிகிறது. அச்சிலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நேற்று 25 நிமிடம் முழுதும் இதில் போயிற்று, முடியவில்லை. வௌவால், கௌதாரி இரண்டையும் வாசிக்கவைக்க உங்களில் யாரேனும் வேறு வழி வைத்திருந்தால் எழுதுங்கள். திங்கள்கிழமை 11.15க்கு மறுபடி அவனோடு உட்காரப்போகிறேன்.